மாதா வேஷம் கட்டியவர்

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம், சேசுநாதர் பாடுபட்ட கதையை ஆடுகிற பாஸ்கா நாடகத்தில் மாதா வேஷம் என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. முப்பதுகளின் நடுவில், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கொடி பறந்துகொண்டிருந்த காலம். அப்போதெல்லாம் பெண்பிள்ளைகள் மேடையேறக் கூடாது. மாதாவானாலும் மதலேன் மரியாளானாலும் ஆம்பிளைகள்தான் சேலை கட்டி வருவார்கள். அதற்கு முன் பல வருஷமாக மாதாவாக நின்றவர் வயதானவர். பல் விழுந்து, அவர் சொல்லெல்லாம் காற்றாகப் போக ஆரம்பித்ததும் அண்ணாவியார் வேறு ஆள் தேடினார். வசனம் சொல்லிக்கொடுத்து, பாட்டுக் கட்டி, நாடகத்தை ஆட்டிவைக்கிறவரை நாங்கள் அண்ணாவியார் என்போம். கோயிலில் என் வீட்டுக்காரர் பாடுவதை அவர் கேட்டிருக்கிறார். ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலம் தொடங்கிய வாரத்திலேயே வீடு தேடி வந்து, வாசலில் நின்றபடியே, "மீசையை எடுத்துடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அழைப்பு.

என் வீட்டுக்காரருக்கு ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை. வெள்ளைக்காரத் தெருக்களுக்குக் காலையில் போகிற நீள ரொட்டிகளை விடியுமுன் சுட்டு எடுக்க வேண்டும். மாவிலேயே கிடந்து கிடந்து முகம் வெளுத்துப் போயிருக்குமே தவிர, கை மட்டும் முழங்கை வரைக்கும் சூடுபட்ட தழும்பு. மெல்லிய உடம்பு. குரல் நல்ல குரல். மீசையை எடுத்துவிட்டு அவர் குளித்து வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா, பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறவள், பார்த்துவிட்டுக் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"ஏம்மா, இனிமே உன் வூட்டுல யாருக்குப் பூ குடுக்கறது? உனக்கா, அவருக்கா?"

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையைத் தாண்டி உள்ளே போகவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அதற்கு முந்தின மார்கழியில்தான் எங்கள் பிள்ளை இறந்துபோயிருந்தான். முதல் பிள்ளை. கீழ்வரிசையில் ஒரே ஒரு பல் முளைத்திருந்தது. காய்ச்சல் வந்தது, இழுப்பு வந்தது, போய்விட்டான். ஞானஸ்நானம் பெற்ற பச்சைப்பிள்ளை இறந்தால் எங்களில் அழக்கூடாது என்பார்கள். நேரே மோட்சத்துக்குப் போய்ச் சம்மனசு, அதாவது தேவதூதன், ஆகிவிடுகிறதாம். சாமியார் வந்தார், ஜெபம் சொன்னார், "சந்தோஷப்படும்மா, உனக்காக வேண்டிக்க ஒரு சம்மனசு மேல இருக்கு" என்றார். தெருப்பெண்களும் அதையே சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கதறினேன். நாலு பெண்கள் என் கையைப் பிரித்து எடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கும் என்னை விடவில்லை. பால் கட்டி எனக்கே காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மட்டும் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, புஷ்புஷ் வண்டியில் ஏறிப் போனார். ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற அந்த வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். திரும்பி வந்து குளித்தார். மறுநாள் விடியுமுன் ரொட்டிக்கடைக்குப் போய்விட்டார். பிள்ளை போன அன்று முழுக்க அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார், அவ்வளவுதான்.

அதை நான் மறக்கவில்லை. பேசவும் இல்லை. சோறு போட்டேன், வேட்டி துவைத்தேன், கோயிலுக்குச் சேர்ந்து போனேன். இடையில் இந்த மாதா வேஷம் வந்து சேர்ந்தது.

தபசு நாற்பது நாளும் சாயங்காலத்தில் ஒத்திகை. அவர் வேலை முடிந்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கோயில் வளவுக்குப் போவார். வீட்டிலும் அதே பேச்சு. பெண்கள் எப்படி உட்காருகிறார்கள், எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுகிறார்கள் என்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் எனக்கு அது கூச்சமாகவும் கொஞ்சம் பெருமையாகவும்கூட இருந்தது. பிறகு ஒருநாள், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்.

"சிலுவையிலேர்ந்து எறக்கி சேசுநாதரை என் மடியில போடுவாங்க. தலையை எந்தப் பக்கம் வெச்சிக்கறது? நீ எந்தப் பக்கம் வெச்சிக்குவ?"

எங்கள் பிள்ளை போய் நாலு மாசம்கூட ஆகவில்லை. எந்தப் பிள்ளையை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வேன் என்று இவர் கேட்கிறார்? நான் முறத்தைக் கீழே வைத்தேன்.

"எல்லாப் பொம்பளையும் வெச்சிக்கிற பக்கந்தான். வேற யாரையாவது கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அவர் யாரையும் கேட்கவில்லை. ரொட்டிக்கடையில் மாவு மூட்டையை மடியில் போட்டுப் பழகிக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது. கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்களாம்.

மாதாவுக்கு நீலச்சேலை வேண்டும் என்றார் அண்ணாவியார். எங்கள் தெருவில் நல்ல நீலப்பட்டு என்னிடம்தான் இருந்தது, என் கல்யாணச் சேலை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கடைசியாக உடுத்தியது. கேட்டபோது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மாதாவுக்கு இல்லை என்று யார் சொல்ல முடியும்? பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தபசு காலத்தில் எனக்கு மாதாமேலேயே ஒரு பொறாமை வந்திருந்தது. வியாகுல மாதா சுரூபத்தின் முன்னால் பெண்களெல்லாம் முழங்காலில் நின்று, பிள்ளையை இழந்த தாயே என்று அழுவார்கள். நானும் பிள்ளையை இழந்தவள்தான், இரண்டு வரிசை பின்னால் முழங்காலில் நிற்கிறேன். என்னைச் சந்தோஷப்படச் சொன்னவர்கள்தான் அவளுக்காக மூக்கைச் சிந்தினார்கள். அவள் பிள்ளை மூன்றாம் நாள் எழுந்து வந்துவிட்டான். இதை நினைத்தவுடன் நாக்கைக் கடித்துக்கொள்வேன். மறுபடியும் நினைப்பேன்.

பெரிய வெள்ளிக்கிழமை கோயில் சடங்குக்கே பொழுது சரியாகிவிடும். அதனால் நாடகத்தை ஈஸ்டர் கழிந்த வாரத்தின் சனி ஞாயிறில் வைத்தார்கள். கோயிலுக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியில் பனங்கட்டை நட்டு, பலகை பாவி மேடை. டிக்கெட், கதவு, வேலி எதுவும் கிடையாது. வருகிறவன் வேதக்காரனா இந்துவா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மத்தியானத்திலிருந்தே தவளக்குப்பம் பக்கத்திலிருந்தும் சேதராப்பட்டிலிருந்தும் மாட்டுவண்டிகளில் வந்து மரத்தடிகளில் அவிழ்த்துப் போட்டார்கள். புளிச்சோற்று மூட்டையும் பாயுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து இடம் பிடித்தார்கள். முன்வரிசையில் மட்டும் நாற்காலிகள். துரைகளும் மதாம்களும், தொப்பி வைத்த நம்மூர் முசேக்களும் அதில் உட்கார்வார்கள். அதற்குப் பின்னால் ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நானும் எதிர்வீட்டு அக்காவும் பெண்கள் பக்கத்தில் நடுவாக உட்கார்ந்தோம்.

வெயில் தாழ்ந்ததும் மத்தளம் தட்டினார்கள். முதல் நாள், சேசுநாதர் பிடிபடுவதும் பிலாத்து தீர்ப்புச் சொல்வதும். மாதாவுக்கு அதிகம் வேலையில்லை. மகனைக் கட்டி இழுத்துப் போகும்போது வழியில் வந்து நிற்க வேண்டும், இரண்டு வரி பாட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவர் படுதாவை விலக்கி வெளியே வந்தபோது கூட்டம் சட்டென்று அடங்கியது. என் நீலப்பட்டு முக்காடாக நெற்றியை மறைத்து இறங்கி, காலடியில் கொசுவம் அலுங்காமல் நகர்ந்தது. எனக்குக்கூட அந்தச் சேலை அப்படி நின்றதில்லை. அது எனக்கு எப்போதும் இடுப்பில் உப்பிக்கொண்டு நிற்கும்.

பின்னாலிருந்து ஒரு கிராமத்துப் பெண், அக்காவின் தோளைத் தொட்டுக் கேட்டாள்.

"யாரு அந்தம்மா? நெசமாலுமே பொம்பளையா?"

"ஆம்பளைதான். இதோ, இவ வூட்டுக்காரரு" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

அந்தப் பெண் என் முகவாயைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

"குடுத்து வெச்சவம்மா நீ. புள்ளைங்க எத்தினி?"

"இல்ல" என்றேன்.

அவள் 'அடடா' என்று சொல்லிவிட்டு மேடையைப் பார்க்கத் திரும்பினாள். அந்த நேரத்தில் சரியாக, என் வீட்டுக்காரர் கையை நீட்டி, "மகனே!" என்று கூப்பிட்டார். பெண்கள் பக்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. மகனே என்று கூப்பிட இந்த மனிதருக்கு இத்தனை குரல் இருந்ததா? வீட்டில் எங்கள் பிள்ளையை அவர் 'டேய்' என்று மெதுவாகக் கூப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அக்கா விடவில்லை. "ஊரே அவரைப் பாக்க வருது, நீ வூட்டுல குந்திக்கினு இருந்தா இன்னா சொல்லுவாங்க?" என்று இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாளைவிடக் கூட்டம் அதிகம். மரக்கிளைகளிலும் ஆட்கள்.

சிலுவையில் அறைகிற காட்சி முடிந்தது. சேசுநாதராக வந்தவர் மில்லில் தறி ஓட்டுகிறவர். நல்ல உயரம், நிஜத் தாடி. அவரை வெள்ளைத் துணியில் தாங்கி இறக்கி, என் வீட்டுக்காரர் மடியில் கிடத்தினார்கள். தலை இடப்பக்கம். சரியாகத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணாவியார் கட்டிய புலம்பல் பாட்டைப் பாடினார். கடினமான பாட்டு, செந்தமிழ். முத்தே, மாணிக்கமே, வானோர் போற்றும் வள்ளலே என்று போகும். பிசகில்லாமல் பாடினார். மத்தளம் நின்றது. அத்துடன் படுதா விழ வேண்டும்.

அவர் எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்தவரின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்துக்கொண்டு, பாட்டில்லாமல், வெறும் பேச்சாகச் சொன்னார்.

"காலு சில்லுனு கெடக்குதே. யாராவது கொஞ்சம் நெருப்பு கொண்டாங்களேன்."

அவர் நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"நேத்துதானே ஒரு பல்லு மொளைச்சுது. அதுக்குள்ள என் பாலு கசந்துபோச்சா, ராசா? யாராவது நெருப்பு கொண்டாங்களேன். புள்ளைக்குக் குளிருது."

அந்தச் சொற்கள் என்னுடையவை. மார்கழியில், அந்தக் கூடத்தில், நான் சொல்லிக் கதறியவை. நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குப் பாதி மறந்திருந்தது. அவர் வாயிலிருந்து வந்தபோதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது.

தாடி வைத்த மகனைப் பார்த்து, நேற்றுத்தானே பல் முளைத்தது என்று ஒரு தாய் கேட்கிறாள். கூட்டம் உடைந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் பக்கத்தில் துண்டுகள் முகத்துக்குப் போயின. மொழி தெரியாத ஒரு மதாமும் கைக்குட்டையை எடுத்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிராமத்துக் கிழவி எழுந்து நின்று, ஆண்களைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏண்டா பாத்துக்கினு குந்தியிருக்கீங்க? தாயி கேக்குறா இல்ல? யாராச்சும் நெருப்பு கொண்டாங்கடா!"

மெய்யாகவே ஒரு ஆள் எழுந்து, மேடை ஓரத்தில் அப்போதுதான் ஏற்றி வைத்திருந்த விளக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தான்.

நான் அழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. நான் கேட்டபோது யாரும் நெருப்புக் கொண்டுவரவில்லை. பைத்தியம் மாதிரிப் பேசாதே என்றார்கள். கையைப் பிரித்து எடுத்தார்கள். இப்போது அதே வார்த்தையை ஒரு ஆம்பிளை, என் சேலையைக் கட்டிக்கொண்டு, கடன் வாங்கின பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்கிறான், ஊரே எழுந்து நிற்கிறது. அவருக்குக் கிடைத்த அந்தக் கண்ணீரெல்லாம் என் பிள்ளைக்குச் சேரவேண்டியது.

எழுந்தேன். பாய்களையும் பிள்ளைகளையும் மிதிக்காமல் வெளியே வருவதற்குள் பல பெண்கள் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். மாதாவின் துக்கம் தாங்காமல் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் வீடு திரும்பியபோது நான் இன்னும் அடுப்பு மூட்டவில்லை. நாடகம் முடிந்த கூட்டம் தெருவில் பேசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவர் கழுத்தில் யாரோ போட்ட மல்லிகைச் சரம், கண்ணில் அழிந்த மை, கையில் மடித்த என் சேலை. சேலையை வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் சுண்ணாம்பும் சிவப்புச் சாயமும் ஒட்டியிருந்தது. பெண்கள் வரிசையில் நின்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம்.

"அந்த வார்த்தை யாருது?" என்று கேட்டேன்.

அவர் சரத்தைக் கழற்றினார்.

"உன்னுதுதான்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"எடுக்கணும்னு எடுக்கல. பாட்டு முடிஞ்சுது. அந்த ஆளு காலைத் தொட்டேன். வேர்வையில சில்லுனு இருந்துச்சு. அதுக்கப்பறம் வாயிக்கு அதுதான் வந்துச்சு. எனக்கு வேற வார்த்தை தெரியாது."

"நம்ம புள்ள செத்து கெடந்தப்ப சொவத்துல சாஞ்சு நின்னீங்களே, அப்ப எங்க போயிருந்துச்சு இந்த அழுகை? ஊரான் ஒருத்தன் மடியில வந்து படுத்தாத்தான் வருமா?"

அவர் தரையில் உட்கார்ந்தார். நெடுநேரம் பேசாமலிருப்பார் என்று நினைத்தேன். அவர் சுபாவம் அப்படி. ஆனால் உடனே பேசினார்.

"நீ அழுத. உன்னைப் புடிச்சிக்க நாலு பேரு இருந்தாங்க. நானும் பக்கத்துல உக்காந்து அழுதா, அவனை யாரு தூக்கிக்கினு போறது?"

"தூக்கிக்கினு போனீங்க. பொதைச்சீங்க. வேலைக்குப் போயிட்டீங்க."

"அங்க போனா குழி வெட்டறவன் வரல. கல்லு ஒண்ணு மேல உக்காந்திருந்தேன். பொட்டி மடியில இருந்துச்சு. யாருமில்ல. மூடியைத் தொறந்தேன். நீ நெருப்பு கேட்டுக்கினே இருந்தே இல்ல? காலு ரெண்டையும் கையில புடிச்சிக்கினேன். என் கை எப்பவும் சூடாத்தானே இருக்கும், அடுப்படியில இருக்கறதால. குழி வெட்டறவன் வர்ற வரைக்கும் புடிச்சிக்கினு இருந்தேன்."

இதைக் கேட்டதும் என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். பின்னாளில் என் மகளிடம் இதைச் சொன்னபோது அவளும் அப்படித்தான் நினைத்தாள். எனக்கு அப்படி வரவில்லை. முன்னைவிட அதிகமாக எரிந்தது. என் கையைப் பிரித்து எடுத்த பிறகு, அவர் ஒருவராக, யாருடைய தடையுமில்லாமல், அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியாக அவனைப் பார்த்தது அவர். கடைசியாகத் தொட்டது அவர். நாலு மாசம் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மேடையில் வார்த்தையை எடுத்தது போகட்டும், இதையல்லவா முதலில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்!

"உங்களுக்குக் கெடைச்சுது. எனக்குக் கெடைக்கல" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் கையை நீட்டினார். நான் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னா செய்யணும் சொல்லு" என்றார்.

"என்னை அங்க கூட்டிக்கினு போங்க."

அதுவரை நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனதில்லை. அவர் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மறுநாள் காலை, அவர் வேலை முடித்து மாவுக் கையோடு வந்ததும் புறப்பட்டோம். வண்டி வேண்டாம் என்றேன், நடந்தே போனோம். வழியில் தெரிந்தவர்கள் எல்லோரும் அவரை நிறுத்தினார்கள். "மாதா! எங்களை அழ வெச்சிட்டியே!" என்று தோளைத் தட்டினார்கள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் இரண்டு அடி தள்ளி நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் நிறுத்தியபோது, என் வீட்டுக்காரர், "அப்பறம் பேசலாம், இவளுக்கு நேரமாவுது" என்று சொல்லி நடந்தார். அது எனக்குப் பிடித்தது.

சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற இடம் மதிலோரம். எந்தத் தயக்கமும் இல்லாமல் நேரே கொண்டுபோய் நிறுத்தினார். மண்மேட்டைச் சுற்றிப் புல் செதுக்கியிருந்தது. மரச்சிலுவை நிமிர்ந்து நின்றது. இடையில் பலமுறை வந்திருக்கிறார் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அதையும் சொல்லவில்லை.

நான் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்காரப் போனார்.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்றேன்.

அவர் வாசல் கதவுவரை போய், அங்கே காவல்காரன் போட்டிருந்த பெஞ்சியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் மண்ணில் கையை வைத்தேன். வெயிலில் மண் சூடாக இருந்தது. மார்கழியில் சொன்னதை எதையும் திரும்பச் சொல்லவில்லை. வேறு சங்கதிகள் சொன்னேன். தொட்டில் கயிற்றை அக்காவின் தங்கச்சி கேட்டாள், கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவனுக்குப் பிடித்த அந்தச் சிவப்புக் கிலுகிலுப்பை உடைந்துவிட்டது என்று சொன்னேன். யாரும் குறுக்கே வரவில்லை. சந்தோஷப்படு என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காலைப்பொழுது முழுக்க அவன் எனக்கு மட்டும் இருந்தான்.

திரும்பும்போது அவரிடம் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. ரொட்டி விலை, மழை, ஏதோ ஒன்று.

அடுத்த வருஷம் தபசு தொடங்கியதும் அண்ணாவியார் வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"தம்பி, அந்த நெருப்பு வசனத்தைப் பாட்டுக்கப்பறம் அப்பிடியே வெச்சிக்கலாம். இன்னும் நாலு வரி சேத்து நானே கட்டிக் குடுக்கறேன். ஊர் முழுக்க அதே பேச்சு."

"அதுக்குச் சொந்தக்காரி உள்ள இருக்கா. அவளைக் கேளுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணாவியார் புரியாமல் அவரைப் பார்த்தார். நான் கதவோரம் வந்து நின்றேன்.

"அது வேணாங்க" என்றேன்.

"ஏம்மா? எவ்ளோ சனம் அழுதுது. புண்ணியந்தானே?"

"சனத்துக்கு நீங்க வேற கட்டிக் குடுங்க. சேலை வேணும்னா எடுத்துக்கங்க. அது மட்டும் வேணாம்."

அவர் பெரியவர், சாமியாருக்கே பதில் சொல்கிறவர். என்னை அதட்டியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்தாரோ, என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாரோ, 'சரிம்மா' என்று எழுந்துவிட்டார்.

அந்த வருஷமும் நாடகத்துக்குப் போனேன். மடியில் சேசுநாதரைக் கிடத்தினார்கள். என் வீட்டுக்காரர் செந்தமிழ்ப் பாட்டைப் பாடி முடித்தார். பாதத்தைப் பிடித்தார். கூட்டம் மூச்சை அடக்கிக் காத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அண்ணாவியார் பொறுத்துப் பார்த்துவிட்டுப் படுதாவை விடச் சொன்னார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தவளக்குப்பத்திலிருந்து வந்தவள். அவளுடைய நாத்தனார் போன வருஷம் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாளாம், அதற்காகவே வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நெருப்பு கேட்டு அழுவாருன்னு சொன்னாங்களே. ஒண்ணுமே சொல்லலியே, மறந்துட்டாரா?" என்று என்னைக் கேட்டாள்.

"மறந்துட்டாரு போல" என்றேன்.

அவர் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல எனக்கு மனசில்லை.